காரின் கதவுப் பூட்டில் மோட்டாரை எங்கே, எப்படி வைப்பது?

கேள்வி இது: "மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பழைய கார் ஒன்றின் கதவுப் பூட்டுகளை மின்சாரத்தால் இயங்கும்படி மாற்றுவது எங்கள் புராஜெக்ட். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஆக்சுவேட்டரை (கம்பியைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டார்ப் பெட்டி) வாங்கிப் பூட்டுக் கம்பியோடு இணைத்தால் வேலை முடிந்தது என்கிறார்கள். அப்படியென்றால் இதில் வடிவமைக்க என்ன இருக்கிறது? மோட்டாரின் அளவை எப்படித் தீர்மானிப்பது?"

கடையில் வாங்கி மாட்டினால் பூட்டு வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்போது வரை செய்யும், எப்போது செய்யாது, செய்யாதபோது உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்? வடிவமைப்பு என்பது இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்திருப்பதுதான். கார்க் கதவு லாட்ச் செய்யும் தொழிலில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கதவை மூடிய நிலையில் பிடித்து வைத்திருப்பது பூட்டு இல்லை, லாட்ச். கதவின் ஓரத்தில் நீள்துளை போல ஒன்று தெரியும், பாருங்கள். அதற்குள் ஒரு கவ்வி இருக்கிறது. கதவை அடிக்கும்போது காரின் தூணில் உள்ள ஸ்ட்ரைக்கர் என்ற வளையக் கம்பி உள்ளே நுழைந்து அந்தக் கவ்வியைச் சுழற்றும். சுழன்ற கவ்வி திரும்பி வராதபடி ஒரு தடைக்கொக்கி விழுந்து பிடித்துக்கொள்ளும். இது இரண்டு படியாக நடக்கிறது. கதவை மெதுவாகச் சாத்தினால் முதல் படியில் நின்றுவிடும்; கதவு லேசாக ஆடும், ஆனால் திறக்காது. இன்னும் அழுத்தினால் இரண்டாவது படி. ஒரு ஸ்குரூடிரைவரின் தண்டை ஸ்ட்ரைக்கர் மாதிரி உள்ளே தள்ளிப் பார்த்தால் 'டக், டக்' என்று இரண்டு முறை விழுவதைக் காதாலேயே கேட்கலாம். பார்த்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கவ்வியை விடுவித்துவிடுங்கள். மறந்துபோய்க் கதவைச் சாத்தினால் ஸ்ட்ரைக்கரில் மோதி லாட்ச் கெட்டுவிடும்.

வண்டி மோதும்போது மனிதரை உள்ளே வைத்திருப்பது இந்தக் கவ்வியும் கொக்கியும்தான். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 206 என்ற வாகனப் பாதுகாப்பு விதிப்படி, முழுதாக மூடிய லாட்ச் வண்டியின் நீளவாக்கில் 11,000 நியூட்டன் இழுப்பையும் குறுக்குவாக்கில் 8,900 நியூட்டனையும் தாங்க வேண்டும். முதல் படியில் நிற்கும்போதுகூட இரு திசையிலும் 4,500 நியூட்டன். 11,000 நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரையே அந்தக் கவ்வியில் தொங்கவிடுவது போல. ஐரோப்பாவில் இதே வேலைக்கு ஐ.நா. விதிமுறை எண் 11 இருக்கிறது. உங்கள் மோட்டார் இந்தப் பாரத்தின் பக்கத்திலேயே போகக் கூடாது.

அப்படியானால் பூட்டு என்ன செய்கிறது? கைப்பிடிக்கும் தடைக்கொக்கிக்கும் நடுவே உள்ள தொடர்பை அறுக்கிறது, அவ்வளவுதான். பூட்டிய நிலையில் வெளிக் கைப்பிடியை இழுத்தால் லீவர் காற்றில் ஆடும், கொக்கியைத் தொடாது. பூட்டைத் திறந்தால் அந்த லீவர் மறுபடி கொக்கியின் முன்னால் வந்து நிற்கும். ஒரு சின்னத் துண்டை ஓரிரு சென்டிமீட்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவதுதான் மோட்டாரின் முழு வேலை. அதனால்தான் விரல் அளவு மோட்டார் போதுமாகிறது.

இதிலிருந்து என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். கேள்வியில் 'மின்சாரத்தால் இயங்கும்படி மாற்றுவது' என்று எழுதியிருக்கிறீர்கள். 'கையால் இயங்கும் பூட்டுக்கு மின்சாரம் உதவி செய்வது' என்று அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். படம் வரையும்போது முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வரையுங்கள். மின்சாரமே இல்லாமல் உள்ளிருந்தும் வெளியிலிருந்து சாவியாலும் எல்லாம் நடக்கிறதா? நடந்தால் அதன்மேல் மோட்டாரைக் கொண்டுவந்து வையுங்கள். மோட்டார் பாதி வழியில் நின்று இறுகிப் போனாலும் கை அதை மீறித் தள்ள முடிய வேண்டும். தலைகீழாகச் செய்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது மோட்டாரின் அளவு. மோட்டார்தான் ஒரே வழி என்றில்லை. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ்-பூத் கார் 1914-லேயே மின்பூட்டு வைத்துப் பார்த்தது, 1956-ல் பேக்கார்டு அதை மறுபடி கொண்டுவந்தது. பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 காரில் வெற்றிடக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிப் பூட்டுவார்கள்; சத்தமே வராது, ஆனால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் போதும், மொத்தமும் படுத்துவிடும். சொலினாய்டும் உண்டு, மின்காந்தத்தால் ஒரு தண்டை இழுக்கும் சுருள் அது. அதன் சிக்கல், இழுப்பு தொடக்கத்தில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் இருப்பது. பூட்டு லீவருக்கோ நேர்மாறாக வேண்டும். அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நடுவைத் தாண்டும் வரை எதிர்த்து நிற்கும், தாண்டியதும் தானே இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் உட்காரும். அதனால் முதல் பாதியில்தான் பலம் தேவை. பல்சக்கரம் வைத்த சின்ன டிசி மோட்டார் இதற்குப் பொருத்தமாக இருப்பதால் உலகமே அதில் வந்து நிலைத்துவிட்டது.

ஒரு ஸ்பிரிங் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக் கம்பியில் மாட்டி, நடுவைத் தாண்டும் இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு 10 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். நகரும் தூரம் 15 மில்லிமீட்டர். வேலை 0.15 ஜூல். இதைப் பத்தில் ஒரு விநாடியில் முடிக்க 1.5 வாட் போதும். காகிதத்தில் இவ்வளவு சுலபம்.

ஆனால் அந்த 10 நியூட்டன் புது லாட்சின், புது கிரீசின், நல்ல வெயில் நேரத்தின் எண். மோட்டாரை எந்த நாளுக்கு அளக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கடையில் வாங்கும் ஆக்சுவேட்டர் 12 வோல்ட்டில் இறுகி நிற்கும்போது 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சுருளின் மின்தடை 2.4 ஓம். மே மாதம் மத்தியானம், வெயிலில் நின்ற கார். கதவின் தகட்டுக்குப் பின்னால் 80 டிகிரி என்று கணக்கில் வைப்பது தப்பில்லை. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20-லிருந்து 80-க்குப் போனால் 2.4 ஓம் ஏறக்குறைய 2.96 ஓம் ஆகிவிடும். பின்கதவு வரை போய்த் திரும்பும் வயர் பத்து மீட்டர், 0.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் என்றால் அதுவே 0.34 ஓம் சேர்க்கும். பேட்டரி தளர்ந்து 9 வோல்ட்டில் நிற்கிறது. இப்போது ஓடும் மின்னோட்டம் 5 ஆம்பியர் இல்லை, 2.7 ஆம்பியர்தான். அதோடு முடியவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் ஃபெரைட் காந்தமும் சூட்டில் டிகிரிக்கு 0.2 சதவீதம் பலம் இழக்கும். 60 டிகிரிக்கு 12 சதவீதம். எல்லாவற்றையும் பெருக்கினால் மேசைமேல் வைத்து அளந்த முறுக்கு விசையில் பாதிகூட மிஞ்சாது, 48 சதவீதம்தான்.

குளிர் நாட்டில் இதற்கு நேர்மாறான தொல்லை. மோட்டார் தெம்பாக இருக்கும், ஆனால் கிரீஸ் மெழுகாக இறுகிவிடும். உலகம் முழுக்க விற்கும் கார் என்றால் மைனஸ் 40 டிகிரியிலும் சோதிப்பார்கள். அங்கே லீவரை நகர்த்தச் சாதாரணத்தைப் போல மூன்று மடங்கு விசை தேவைப்பட்டாலும் ஆச்சரியமில்லை. கிரீஸைக் கடைசியில் பூசிக்கொள்ளும் பொருளாக நினைக்காதீர்கள், அது வடிவமைப்பின் ஓர் உறுப்பு. உங்கள் புராஜெக்டில் அளந்த விசையை மூன்றால் பெருக்கி, மோட்டாரின் பலத்தைப் பாதியாக வெட்டி, அப்போதும் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கணக்கிலும் அகப்படாத ஒன்று உண்டு. எங்கள் சோதனை வண்டி ஒன்றில் பின் இடது கதவு மட்டும் காலையில் பூட்டாது. மத்தியானம் போய்ப் பார்த்தால் ஒழுங்காகப் பூட்டும். மோட்டாரை மாற்றினோம். வயரைப் பார்த்தோம். கன்ட்ரோல் யூனிட்டை மாற்றினோம். எதுவும் ஒத்துவரவில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ராத்திரி மழை பெய்த ஒரு காலையில் நான் போய் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க உறையை, கழற்றிவிட்டு, கையை உள்ளே விட்டுக் கம்பியைத் தடவினேன். கம்பி தகட்டில் தட்டிச் சத்தம் போடாமல் இருக்க ஒரு பஞ்சு உறை மாட்டியிருப்போம். அது மழைநீரைக் குடித்து, ஊறவைத்த பயறு மாதிரி உப்பி, தகட்டின் துளையோரத்தில் உரசிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் காய்ந்து சுருங்கிவிடும், பூட்டும் சரியாகிவிடும். துளையை 3 மில்லிமீட்டர் பெரிதாக்கி, தண்ணீர் குடிக்காத நுரை உறைக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு எந்தக் கதவு பழுதென்று வந்தாலும் மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் டோர் பேடைக் கழற்றிவிட்டு, கம்பியைக் கையால் ஆட்டி எங்கே உரசுகிறது என்றுதான் பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கார்க் கதவின் உள்பக்கம் ஈரமான இடம். கண்ணாடி இறங்கும் பிளவின் வழியாக மழைநீர் உள்ளே போகத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவையே செய்திருக்கிறார்கள். அதனால் ஆக்சுவேட்டரின் கனெக்டர் வாயை மேல்நோக்கி வைக்காதீர்கள். வயரை நேராகக் கொண்டுபோய்ச் செருகாமல், கனெக்டருக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகுங்கள். வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிட்டுப் பேடை மாட்டும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்தத் தாள்தான் தண்ணீரைக் காருக்குள் வராமல் தடுக்கிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய் வழியாகப் போகும் வயர், கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கும். நுண்ணிழைகள் அதிகம் கொண்ட வயரையே போடுங்கள், வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரைப் போட்டால் அங்கேதான் முறியும்.

சரி, கை மீறித் தள்ள முடிய வேண்டும் என்றேனே, அதை எப்படிச் செய்வது? மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் வேகமாகச் சுற்ற, கடைசிச் சக்கரம் மெதுவாகப் பலத்தோடு சுற்றுகிறது. இதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தள்ளினால் மோட்டாரைப் பல மடங்கு வேகத்தில் சுழற்ற வேண்டிவரும், கை வலிக்கும். புழுச்சக்கரம் வைத்திருந்தால் அசையவே அசையாது. போதாததற்கு, ஓய்வு நிலையில் மோட்டாரின் இரண்டு வயர்களையும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தரையோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தோடு, இணைத்து வைத்திருக்கும். அப்படி இணைத்த மோட்டாரைக் கையால் சுழற்றினால் அதுவே பிரேக் போல எதிர்க்கும். ஒரு சின்ன டிசி மோட்டாரின் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டு அச்சை விரலால் திருகிப் பாருங்கள், புரியும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் பழக்கத்தில் இருக்கின்றன. பழைய துப்பாக்கி வடிவ ஆக்சுவேட்டர்களில் பலவற்றில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மையவிலக்கு கிளட்ச் இருக்கும். மோட்டார் சுற்றினால் அதன் கைகள் விரிந்து பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். கம்பி மட்டும் சுதந்திரமாக நகரும். இன்றைய லாட்சுகளில் இன்னொரு முறை. மோட்டார் சக்கரத்தில் ஒரு பல் இருக்கும். லீவரில் அதற்கு ஒரு அகலமான வாய் இருக்கும். பல் வந்து வாயின் ஒரு ஓரத்தைத் தள்ளிவிட்டு, ஸ்பிரிங்கின் இழுப்பில் தன் நடு இடத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு லீவரைக் கையால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பல் குறுக்கே நிற்காது. எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும், பாகங்கள் குறைவு. ஆனால் அந்த ஸ்பிரிங் உடைந்தால் பல் வழியிலேயே நின்றுவிடும். அப்போதும் கை வெல்ல வேண்டும் என்பதற்காக, அளவுக்கு மீறித் தள்ளினால் வளைந்து வழிவிடும் ஒரு மெல்லிய பகுதியை நாங்கள் அந்தப் பல்லிலேயே வைத்துவிடுவோம்.

வயரிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் நன்றாகச் செய்யும் பகுதி இது. மோட்டாருக்கு இரண்டு வயர். துருவத்தை மாற்றினால் திசை மாறும். அதற்கு இரண்டு ரிலே அல்லது ஒரு ஹெச் பிரிட்ஜ் என்ற மின்சுற்று. ஓட்டுநர் கதவின் ஆக்சுவேட்டரில் மட்டும் ஐந்து வயர் இருக்கும். கூடுதல் மூன்றும் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்சுக்கானவை. கவனிக்க வேண்டியது நேரம். மின்சாரத்தை அரை விநாடிக்குள் நிறுத்திவிட வேண்டும். நகர்வது பத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும், மிச்ச நேரம் மோட்டார் இறுகி நின்று சூடேறும். நான்கு கதவும் டிக்கியும் சேர்ந்தால் இறுகி நிற்கும் மின்னோட்டம் 25 ஆம்பியர், ஃபியூஸ் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். குழந்தை ஒன்று சுவிட்சை அமுக்கி விளையாடினால் என்ன ஆகும்? நல்ல மோட்டாருக்குள் சூடானால் தடை ஏறும் ஒரு வட்டு இருக்கும், அது காப்பாற்றும். அதோடு, அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கினால் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருக்கும்படி புரோகிராமிலும் எழுதிவிடுங்கள். ஆனால் அந்தக் கணக்கு பூட்டுவதற்கு மட்டும்தான் பொருந்த வேண்டும், திறப்பதற்குப் பொருந்தக் கூடாது. கடைசி உத்தரவு எதுவானாலும் வண்டி திறந்த நிலையில் ஓய்வெடுக்கட்டும்.

இன்னொன்று, உத்தரவு கொடுத்தாயிற்று என்பதால் வேலை நடந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கவ்வியின் அருகில் ஒரு மைக்ரோ சுவிட்ச், பூட்டு லீவரில் ஒன்று, இரண்டும் வேண்டும். ஓட்டுநர் கதவு திறந்திருக்கும்போது பூட்டச் சொன்னால் பூட்டிவிட்டு உடனே திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் சாவி உள்ளேயும் ஆள் வெளியேயும் நிற்பார். பூட்டும்போது விளக்கைச் சிமிட்டுவது உத்தரவுக்காக இருக்கக் கூடாது. எல்லா லீவர்களும் போய்ச் சேர்ந்ததை சுவிட்சுகள் சொன்ன பிறகுதான் சிமிட்ட வேண்டும். விளக்கு சிமிட்டியதைப் பார்த்துவிட்டு மனிதர் திரும்பி நடந்துவிடுவார், கதவை இழுத்துப் பார்க்க மாட்டார்.

இனி, மின்சாரம் இல்லாமல் போகும் நேரம். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இதற்காகத்தான்.

விபத்து நடந்தால் ஏர்பேக் யூனிட் ஒரு சமிக்ஞை கொடுக்கும், விளக்கு, பூட்டு போன்றவற்றை இயக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் எல்லாக் கதவுகளின் பூட்டையும் திறக்கும். திறப்பது பூட்டை மட்டும். லாட்ச் பிடித்தபடியேதான் இருக்கும். ஆனால் பேட்டரி பெரும்பாலும் வண்டியின் முன்பக்கம் இருக்கிறது, நேருக்கு நேர் மோதலில் முதலில் நசுங்குவதும் முன்பக்கம்தான். அதனால் அந்தச் சமிக்ஞையை மட்டும் நம்பக் கூடாது. உள்கைப்பிடியை இழுத்தால் அதுவே பூட்டையும் திறந்து லாட்சையும் விடுவிக்கும்படி முன்கதவுகளை அமைப்பது எனக்குத் தெரிந்த மிக நல்ல ஏற்பாடு. பின்கதவில் குழந்தைகள் இருப்பார்கள் என்பதால் பூட்டைத் திறப்பதும் கைப்பிடியை இழுப்பதும் தனித்தனியாக இருக்கும், சைல்டு லாக்கும் இருக்கும். இந்தியாவில் வாடகைக் கார்களில் சைல்டு லாக் கூடாது என்று 2019 ஜூலை 1 முதல் விதி வந்தது. பின்சீட்டில் அமர்ந்த பெண்ணை உள்ளே அடைத்து வைக்க அதுவே கருவியாகிவிடுகிறது என்ற புகார்தான் காரணம். சென்ட்ரல் லாக் மின்சாரம் போனாலும் கையால் திறக்கும்படி இருக்க வேண்டும் என்ற விதியும் அதே நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பூட்டின் வடிவமைப்பில் யார் உள்ளே இருக்கிறார் என்பதும் ஓர் அளவுதான்.

வெள்ளத்தில் இறங்கிய காரையும் யோசியுங்கள். கதவின் வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், உள்ளே இல்லை, கதவு ஒரு மீட்டர் அகலம் என்றால் தண்ணீர் கதவைத் தள்ளும் விசை ஏறக்குறைய 1,200 நியூட்டன். அதாவது 120 கிலோவுக்கு மேல் எடை கதவின்மேல் சாய்ந்து நிற்பது போல. அப்போது பூட்டு திறந்திருந்தாலும் கதவு நகராது. உள்ளேயும் தண்ணீர் ஏறி இரு பக்கமும் சமமாகும் நேரத்தில்தான் நகரும். அந்த நேரத்தில் வயரிங் முழுவதும் தண்ணீரில் இருக்கும். அப்போது வேலை செய்வதற்குக் கம்பியும் லீவரும் மட்டும்தான் மிச்சம்.

இப்போது தலைகீழாகச் செய்தவர்கள். சில கார்களில் பூட்டு மட்டுமல்ல, தடைக்கொக்கியை விடுவிப்பதே மோட்டார்தான். கைப்பிடி வெறும் பொத்தான். 2005-ல் வந்த செவர்லே கார்வெட் காரில் உள்ளிருந்து கதவைத் திறப்பது இப்படித்தான். கையால் திறக்க ஒரு லீவர் இருந்தது, சீட்டின் பக்கத்தில், தரையில். 2015-ல் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் இப்படியொரு காரின் மின்சாரம் போய், முதியவர் ஒருவரும் அவருடைய நாயும் உள்ளே வெப்பத்தில் இறந்தார்கள். அந்த லீவர் இருப்பது அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்றே கருதப்பட்டது. லீவர் வேலை செய்யும் நிலையில்தான் இருந்திருக்கும், ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் ஒருவர் கையை நீட்டும் இடத்தில் அது இல்லை. கைப்பிடி இருக்கும் இடத்தில்தானே கை போகும்? அதே கைப்பிடியைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கம்பி வழியாகத் திறக்கும்படி வைத்தால் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்மையில் நடந்தவை இன்னும் நெருடுகின்றன. 2025 ஜூனில் ஃபோர்டு தன் மஸ்டாங் மாக்-இ கார்களில் ஏறக்குறைய 1,97,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 12 வோல்ட் பேட்டரி தளர்ந்திருந்தால், முன்னால் இருந்தவர்கள் இறங்கிக் கதவைச் சாத்தியதும் வெளியிலிருந்து திறக்க முடியாமல் போகலாம். பின்சீட்டில் கைப்பிடியை இயக்கத் தெரியாத குழந்தை இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதே ஆண்டு செப்டம்பரில் டெஸ்லாவின் 2021 மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000-ஐப் பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. புகாரும் ஏறக்குறைய அதேதான், சிலர் கண்ணாடியை உடைத்தே குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பெரிய பேட்டரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரம் இருக்கும். கதவைத் திறப்பதோ சின்ன 12 வோல்ட் பேட்டரி, அது படுத்துவிட்டால் அவ்வளவுதான். கதவின் உள்பக்கத்தை மட்டும் யோசித்தவர்கள் வெளியே நிற்கும் தாயை யோசிக்கவில்லை. சீனா 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் கையால் திறக்கும் வழி கட்டாயம் என்று விதி கொண்டுவந்திருக்கிறது. சரியான விதி, முன்பே வந்திருக்க வேண்டும்.

மின்சாரத்தால்தான் எல்லாக் கேடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2016-ல் ஃபோர்டு லாட்ச் பழுதுக்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, குற்றவாளி தடைக்கொக்கியின் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஒரு சின்ன நாக்கு. அது விரிசல் விட்டால் கதவு சாத்தாது, அல்லது சாத்தியது போலத் தெரிந்து ஓட்டத்தில் திறந்துகொள்ளும். அழைப்பு வெயில் அதிகமுள்ள மாநிலங்களையும் மெக்சிகோவையும் குறிவைத்தே வந்தது. எங்கள் ஊர் வெயிலில் வேலை செய்தவனுக்கு அதைப் படித்ததும் வயிறு கலங்கியது. நீங்களும் ஆக்சுவேட்டரைத் தாங்கும் பட்டையைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துச் செய்வதாக இருந்தால், அதை ஒரு வாரம் வெயிலில் நிற்கும் காரின் கதவுக்குள் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள்.

உங்கள் புராஜெக்டுக்கு இனி செய்ய வேண்டியது. கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ லாட்சும் கம்பியும் கண்ணாடி இறங்கும் பொறியும் உள்ளேயே இருக்கும் முழுக் கதவு ஒன்றை வாங்குங்கள். தனி லாட்ச் வாங்கினால் கம்பி எங்கே உரசும் என்று தெரியாமல் போகும். ஸ்பிரிங் தராசில் பூட்டும் விசை, திறக்கும் விசை இரண்டையும் பத்துப் பத்து முறை அளந்து எழுதுங்கள். ஆக்சுவேட்டரின் தள்ளும் தூரம் லீவரின் தூரத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும், இரண்டு கடைசியிலும் ரப்பர் தடுப்பு இருக்கட்டும். ரப்பர் இல்லையென்றால் பூட்டும் சத்தம் தகரத்தில் கல் விழுந்தது போலக் கேட்கும். ஆக்சுவேட்டர் தள்ளும் கோடும் கம்பி நகரும் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். முப்பது டிகிரி சாய்த்து வைத்தால் விசையில் 13 சதவீதம் வீணாவதோடு, கம்பி பக்கவாட்டில் உரசித் தேய ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை, பதினைந்து வருடம் என்றால் 54,750 முறை; ஒரு டைமரை வைத்து இரண்டு விநாடிக்கு ஒரு முறை இயக்கினால் ஒன்றேகால் நாளில் முடிந்துவிடும். ஆனால் மோட்டார் ஆறுவதற்கு நேரம் விடாமல் செய்தால் மோட்டாரைக் கொல்வீர்கள், பூட்டைச் சோதித்ததாகாது. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை வையுங்கள், பத்து நாள் ஓடட்டும்.

அது முடிந்ததும் மறுபடி தராசை மாட்டி அளந்து பாருங்கள். முதலில் எழுதிய எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் 9 வோல்ட்டில் இன்னும் பூட்டுகிறதா என்பதையும் இங்கேயே எழுதுங்கள். அப்புறம் மோட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டு, பல்சக்கரம் பாதி வழியில் நிற்கும்போது உங்கள் வீட்டில் வயதான யாரையாவது அழைத்து உள்கைப்பிடியை இழுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு கையால், யாரும் சொல்லித்தராமல் திறந்துவிட்டாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.